மொட்டை மாடி கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டதால் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மழையும் காற்றும்தான். வடசென்னை வாசகர்கள் ரயிலையும் விடுவதாக இல்லை.

கே: தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே குடியிருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கு கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தால் வாசலில் நின்று அடிப்பது போலக் கேட்கிறது. மத்தியானம் அதே ஹாரன் காதில் விழுவதே இல்லை. ரயில் சத்தம் கிட்டத்தில் கேட்டால் மழை வரும் என்கிறார் என் மனைவி. உண்மையா? — வாசகர், தண்டையார்பேட்டை

ப: ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, காற்றின் சூடு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். பகலில் தரை கொதிக்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கிறது, மேலே போகப் போகக் குளிர்ச்சி. அதனால் ஒலியின் கீழ்ப்பகுதி முந்திக்கொள்ள, மொத்த ஒலியும் வானத்தைப் பார்த்து வளைந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். விடியற்காலையில் கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேல் கொஞ்சம் சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாகும். அப்போது மேலே போகிற ஒலி திரும்பக் கீழே வளைந்து வந்து இறங்கும்.

இரண்டாவது, காற்றின் திசை. தண்டவாளம் உங்களுக்கு மேற்கே, கடல் கிழக்கே. மத்தியானம் கடற்காற்று ஹாரன் சத்தத்துக்கு எதிராக வீசுகிறது. பின்னிரவில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும்போது அதுவே சத்தத்தைச் சுமந்து வருகிறது.

மழைக்கு வருவோம். மேகம் மூடிய இரவில் தரையின் சூடு வெளியேறாது, நான் சொன்ன தலைகீழ் அடுக்கும் சரியாக உருவாகாது. ஆகவே மேற்கிலிருந்து ஹாரன் கணீரென்று கேட்டால் வானம் தெளிவாக இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். ஆனால் உங்கள் மனைவி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எந்தத் திசை ஹாரன் என்று அவரைக் கேளுங்கள். ஐப்பசியில் விம்கோ நகர், திருவொற்றியூர் பக்கத்துச் சத்தம், அதாவது வடக்கே இருந்து வருவது, பகலிலும் தெளிவாகக் கேட்கத் தொடங்கினால் காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது. நமக்கு மழை கொண்டுவரும் காற்று அதுதான்.

இதே காது கத்திரி வெயிலிலும் உதவும். மே மாதத்தில் பிற்பகல் ஒரு மணிக்கும் மேற்குப் பக்க ஹாரன் தேய்ந்துபோகாமல் கேட்டால் கடற்காற்று இன்னும் உள்ளே நுழையவில்லை. அன்றைக்கு வெளிவேலையைத் தள்ளிப் போடுங்கள், செடிகளுக்கு நிழல்வலையை இழுத்து விடுங்கள்.

கே: பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து மாடியில் வைத்திருக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் 7 செ.மீ. என்று செய்தியில் சொன்ன அன்று எனக்கு 4 செ.மீ.தான் காட்டியது. தவறு எங்கே? — ஓய்வுபெற்ற ஆசிரியர், காலடிப்பேட்டை

ப: தவறே இல்லாமலும் இருக்கலாம். நுங்கம்பாக்கத்தில் கொட்டிய மேகம் காலடிப்பேட்டைக்கு வந்தே தீர வேண்டும் என்று இல்லை. இன்னொன்று, வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது. நீங்கள் ஆறு மணிக்கு வாக்கிங் போகும் முன் அளந்துவிட்டால், ஆறிலிருந்து எட்டரை வரை பெய்தது உங்கள் கணக்கில் மறுநாளைக்குப் போய்விடும். முதலில் நேரத்தை 8.30-க்கு மாற்றுங்கள்.

அடுத்து பாட்டிலைப் பாருங்கள். நடுவில் இடுப்புப் போலக் குறுகிய பாட்டில் உதவாது. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும் இரண்டு லிட்டர் பாட்டில் வேண்டும். தோள் வளையும் இடத்துக்குக் கீழே, நேரான பகுதியில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடி இல்லாமல் கவிழ்த்து உள்ளே புனலாகச் செருகினால் விழுந்த நீர் சுலபத்தில் ஆவியாகாது, துளியும் வெளியே தெறிக்காது. அடிப்பாகத்தில் இருக்கும் மேடு பள்ளம்தான் பலருடைய கணக்கைக் கெடுக்கிறது. அங்கே சிமென்ட் பாலைக் குழைத்து ஊற்றி, பாட்டிலைச் சமதரையில் நிறுத்திக் காயவிடுங்கள். காய்ந்த மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து பள்ளிக்கூட ஸ்கேலை வெளியே ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை.

பாட்டிலை ஸ்கேல் வைத்துப் படிக்க வராதவர்கள் நீரை அளந்தும் கணக்குப் போடலாம். வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு மி.மீ. மழைக்கு 7.85 மி.லி. நீர் சேரும். 100 மி.லி. சேர்ந்திருந்தால் 12.7 மி.மீ. மழை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்சு இதற்குப் போதும்.

இடம்தான் கடைசிச் சந்தேகம். என் ஊகம் உங்கள் தவறு இங்கேதான். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வைத்திருந்தால், கடலிலிருந்து சாய்வாக வரும் மழையைச் சுவர் மறைத்துவிடும். சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். நாலடிச் சுவர் என்றால் எட்டடி. தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு. காற்றில் உருளாமல் ஒரு வாளி மணலில் பாதி புதைத்து நிறுத்துங்கள். வாளியின் விளிம்பைவிட மானியின் வாய் நன்றாக மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணலில் விழுந்து தெறிக்கும் துளியும் உள்ளே போகும்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.5-ஐ எட்டினால் அதி கனமழை. உங்கள் பாட்டிலின் நேரான பகுதி 15 செ.மீ. இருந்தாலே அதிகம். பெரிய மழை நாளில் நிரம்பி வழிவதற்குள் ஒருமுறை அளந்து, எழுதிக்கொண்டு, கொட்டிவிட்டு மீண்டும் வையுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் ரிடையர் ஆனதிலிருந்து மாடித் தோட்டமே கதி என்று இருக்கிறார். போர் தண்ணீர் உப்பு. கறிவேப்பிலை, மல்லிகை, ரோஜா எல்லாம் இலை நுனி கருகிப் போகிறது. உரம் போட்டால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்யலாம்? — வாசகி, திருவொற்றியூர்

ப: உரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. உரமும் ஒரு வகை உப்புதான். ஏற்கெனவே உப்பு மிஞ்சிய தொட்டியில் அதையும் சேர்த்தால் வேர் தண்ணீரை உறிஞ்சவே திணறும்.

இலையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உப்பால் வந்த கருகல் பழைய இலைகளில் முதலில் தெரியும். நுனியில் தொடங்கி, விளிம்போடு இரண்டு பக்கமும் இறங்கும். கருகிய இடம் அப்பளம் போல நொறுங்கும், நடுநரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. இலை மொத்தமாகத் தொங்கினால் தாகம், அல்லது தண்ணீர் தேங்கி வேர் அழுகல். தொட்டியின் வெளிப்பக்கத்திலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், உப்புதான்.

மீஞ்சூர் தொடங்கி நம் கடலோரம் முழுவதும் நல்ல நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்த பகுதி. அதைச் சரிசெய்வது ஒரு வீட்டின் கையில் இல்லை. தொட்டியைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி போர் தண்ணீரை அளந்து பாருங்கள். 450-க்குக் கீழே என்றால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 2,000 வரை போனால் கலந்து ஊற்ற வேண்டும். 2,000-க்கு மேல் என்றால் அதைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கலக்கும் கணக்கு எளிது. போர் 1,800, மெட்ரோ வாட்டர் 300 என்றால் பாதிக்குப் பாதி கலந்தால் 1,050. ஒரு பங்கு போர், இரண்டு பங்கு மழைநீர் என்றால் ஏறத்தாழ 600-க்கு வந்துவிடும்.

இப்போது இருக்கும் உப்பைக் கழுவி இறக்க வேண்டும். 15 லிட்டர் மண் கொள்ளும் தொட்டிக்கு 30 லிட்டர் நல்ல தண்ணீர். ஒரே மூச்சில் கொட்டினால் ஓரமாக வழிந்து போய்விடும். ஆறு லிட்டராக ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் அடித்துளையில் ஒழுகி முடிந்த பிறகு ஊற்றுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வழிந்த உப்பு நீரைத் தட்டில் தேக்கினால் மண் அதையே திரும்ப உறிஞ்சும், பட்ட பாடெல்லாம் வீண். கழுவும்போது சத்தும் சேர்ந்து போகும் என்பதால் ஒரு வாரம் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் மட்டும் போடுங்கள். புதிய தளிரில் கருகல் வராவிட்டால் வெற்றி. பழைய இலையின் கருகல் ஆறாது, அதைக் கிள்ளி எறியலாம்.

இதைச் செய்ய ஐப்பசி, கார்த்திகையைவிட நல்ல காலம் இல்லை. தொட்டிகளைக் கூரைக்கு அடியில் ஒளிக்காமல் மழையில் நனைய விடுங்கள். வடிகால் துளை அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் உள்ளே போனதைவிட உப்பானது. அது தரை துடைக்கத்தான். ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பு அநேகமாக இல்லை, அதை ஒரு வாளியில் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றுங்கள். கோகோ பீட் கட்டியைக் கழுவாமல் போடாதீர்கள். அதிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை இரண்டு முறையாவது மாற்றிய பிறகே மண்ணில் கலக்க வேண்டும்.

மல்லிகையும் ரோஜாவும் உப்பைத் தாங்கும் சாதி இல்லை. நல்ல தண்ணீரை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, போர் கலந்ததைக் கொத்தவரை, பாலக், பீட்ரூட், சப்போட்டாவுக்கு ஊற்றுங்கள். எதுவானாலும் வேரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்க வேண்டாம்.

கே: எண்ணூரில் வீடு. வெண்டை இலைமேல் சாம்பல் நிறத்தில் படிகிறது. நோயா, தூசியா? — வாசகர், எண்ணூர்

ப: விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இலையின் மேல்பக்கம் மட்டும் சீராகப் படிந்து, தேய்த்ததும் முழுசாக வந்துவிட்டால் தூசியும் கடல் உப்பும். வாரம் இரண்டு முறை காலையில் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் போதும். வட்ட வட்டமாகத் திட்டு, அடிப்பக்கத்திலும் மாவு, தேய்த்தபின் அந்த இடம் மஞ்சள் என்றால் சாம்பல் நோய். பாதித்த இலையை வெட்டி அப்புறப்படுத்துங்கள், செடிகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் கந்தகமே இலையைக் கருக்கிவிடும்.

கே: மாடியில் எத்தனை பைகள் வைக்கலாம்? — வாசகர், ராயபுரம்

ப: முதலில் வீட்டின் வயதைச் சொல்லியிருக்க வேண்டும். ராயபுரத்துப் பழைய வீடுகள் பல மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். அதில் ஈரம் இறங்கினால் மரம் உளுத்துப்போகும். உங்கள் வீடு அப்படியானது என்றால் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு பைகூட வைக்காதீர்கள். தயவுசெய்து இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

கான்கிரீட் தளம் என்றால், ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு நம் நாட்டுத் தரவிதியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்று வைத்துக் கட்டுவார்கள். நனைந்த மண் நிரம்பிய 20 லிட்டர் பை 30 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று பை என்று வைத்துக்கொண்டு, நடுத்தளத்தை விட்டு, சுவரும் பீமும் இருக்கும் இடத்தின் மேல் வரிசையாக அடுக்குங்கள்.

கே: பேத்திக்கு அட்டையில் ஒரு ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் பெட்டி செய்து தர ஆசை. அளவு சரியாக இருக்க வேண்டும். சரியாக ஓடவும் வேண்டும். — ஓய்வுபெற்ற டர்னர், பெரம்பூர்

ப: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தோம். ஐம்பதில் ஒரு பங்கு என்ற அளவு அட்டைக்குத் தோதானது. கையில் பிடிக்கவும் வசதி, ஜன்னல் வெட்டவும் வசதி.

அசல் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. உங்களுக்கு 427. அகலம் 3,245, உங்களுக்கு 65. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து கூரை உச்சி 4,025, உங்களுக்கு 80. தரைப்பலகை தண்டவாளத்துக்கு மேல் 26 மி.மீ. உயரத்தில் வர வேண்டும். பேச்சில் நாம் பெட்டியையே போகி என்கிறோம். உங்களுக்குத் தெரியாததல்ல, ஒர்க்‌ஷாப்பில் போகி என்றால் அடியில் இருக்கும் சக்கரச் சட்டம். இரண்டு போகிகளின் மையத்துக்கு நடுவே அசலில் 14,783, மாடலில் 296. ஆகவே இரண்டு முனையிலும் 65 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு போகிக்குள் அச்சுக்கு அச்சு 58. சக்கர விட்டம் 18. தண்டவாள இடைவெளி 33.5. சக்கரங்களின் உள்முகத்துக்கு உள்முகம் 32. இந்தக் கடைசி எண்ணில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 33.5-ஐயே சக்கரத்துக்கும் வைத்தால் தண்டவாளத்தில் இறுகிக்கொண்டு ஓடாது.

சக்கரத்துக்கு 18 மி.மீ. கோட்டுப் பொத்தான் அருமையாகப் பொருந்தும். அதன் உள்பக்கத்தில் 21 மி.மீ. வட்ட அட்டை ஒட்டினால் விளிம்பு தயார். அச்சுக்கு மூங்கில் குச்சி, அது சுழல ஜூஸ் ஸ்ட்ரா துண்டு.

உடலுக்கு 2 மி.மீ. மில்போர்டு. ஜன்னல்களைப் பக்கச் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், பெட்டியாக மடித்த பிறகு கத்தி வழுக்கும். ஸ்லீப்பர் பெட்டி என்றால் உள்ளே 9 பகுதி, 72 படுக்கை. 427-இல் முனைகளில் கழிவறையும் வாசலும் போக நடுப்பகுதியை ஒன்பதாகப் பிரித்துக் கோடு போடுங்கள். கூரைக்குச் சார்ட் பேப்பரை லேசாக ஈரமாக்கி, பி.வி.சி. குழாயில் சுற்றி நூலால் கட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் வளைவு நின்றிருக்கும். இரண்டு அடுக்கு ஒட்டினால் குழி விழாது.

நம்மூர் ஈரக்காற்றில் அட்டை நெளியும். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் நிச்சயம் நெளியும். ஒட்டும் முன்பே இரண்டு பக்கமும் தண்ணீர் கலந்த பசையைப் பூசிக் காயவைத்துவிடுங்கள்.

ஓட வைப்பதில் ஒரு சூட்சுமம். இரண்டு போகியையும் ஒரே மாதிரி இறுக்கமாக மாட்டினால் சிறு மேடு வந்தாலும் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு தடம் புரளும். ஒரு போகி இடவலமாக மட்டும் திரும்பட்டும். இன்னொன்றின் ஆணியைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, அது பக்கவாட்டில் ஆடவும் இடம் கொடுங்கள். தரைப்பலகையின் உள்ளே, போகிகளுக்கு நேர் மேலே, பத்து ரூபாய்க் காசு நாலைந்து ஒட்டினால் கனம் கீழே இறங்கி வண்டி நிதானமாக ஓடும்.

நீலமா, பழைய செந்நிறமா என்பதைப் பேத்தியிடம் கேளுங்கள். புதிய வகையான எல்.எச்.பி. பெட்டியை இதோடு கோர்க்க வேண்டாம். அது 23,540 மி.மீ. நீளம், மாடலில் 471. இணைக்கும் விதமும் வேறு. ஐ.சி.எஃப். அருகில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேத்தியோடு ஒரு நடை போய்விட்டு வந்து ஜன்னல் வெட்டினால் சந்தேகம் எல்லாம் தீரும்.

கே: துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு என்றால் புயல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? — வாசகி, காசிமேடு

ப: கூண்டு எண் தூரத்தைச் சொல்வதில்லை. 1, 2 என்றால் தொலைவில், ஆழ்கடலில் புயல்சின்னம். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே சூறைக்காற்றின் மிரட்டல். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏறினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது 5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு. 5, 8 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு, அதாவது புயல் நமக்கு வடக்கே கரை ஏறுகிறது, காற்று நிலத்திலிருந்து வீசும். 6, 9 என்றால் நமக்குத் தெற்கே கடக்கிறது. அப்போது காற்று கடலிலிருந்து நேராகக் கரையில் அடிக்கும், அலையும் ஏறி வரும். 7, 10 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 6, 7 கேட்டதுமே மாடித் தொட்டிகளைக் கீழே இறக்குங்கள், கரையோரம் இருப்பவர்கள் அதிகாரிகள் சொல்லும் வரை காத்திராமல் மூட்டையைக் கட்டி வையுங்கள்.

கே: பெட்டியில் எழுதியிருக்கும் ஐந்து இலக்க எண்ணுக்கு என்ன பொருள்? — வாசகர், விம்கோ நகர்

ப: முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய ஆண்டு. பின் மூன்றும் வகை. 051 முதல் 100 இரண்டடுக்கு ஏசி, 101 முதல் 150 மூன்றடுக்கு ஏசி, 201 முதல் 400 ஸ்லீப்பர், 401 முதல் 600 முன்பதிவில்லாத பொதுப்பெட்டி. 99234 என்றால் 1999-இல் பிறந்த ஸ்லீப்பர். புதிய பெட்டிகளில் ஆறு இலக்கம் வரும், அதிலும் முதல் இரண்டும் ஆண்டுதான்.

கே: ராயபுரம் பழையதா, சென்ட்ரல் பழையதா? வீட்டில் பந்தயம். — வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ப: ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. சென்ட்ரல் 1873-இல் வந்தது.

கே: கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார்ந்தபடியே வண்டியின் வேகத்தைக் கணக்கிட முடியுமா? செல்போன் வேண்டாம். — வாசகர், கொருக்குப்பேட்டை

ப: ஜன்னலுக்கு வெளியே மின்கம்பங்களில் ஒரு எண்ணும் அதன்கீழ் இன்னொரு எண்ணும் இருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டரில் எத்தனையாவது கம்பம். மேல் எண் மாறும் நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்தமுறை மாறும்போது மறுபடி பாருங்கள். 3,600-ஐ நடுவில் ஆன விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 60 விநாடி என்றால் மணிக்கு 60 கி.மீ., 45 என்றால் 80. திருவொற்றியூர் வரை நிலையங்கள் நெருக்கம், வேகம் பிடிப்பதற்குள் பிரேக் போட்டுவிடுவார்கள். மீஞ்சூரைத் தாண்டியபின் முயன்று பாருங்கள். ஜன்னல் இருக்கையிலிருந்தே எண் தெரியும், வாசற்படிக்குப் போக வேண்டாம்.